கம்போடியாவுக்குக் குடும்பத்தோடு, தொண்டுக்கும் சுற்றுலாவுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் எங்கள் இரு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கம்போடியாவுக்கு இருமுறை சென்று வந்திருக்கிறோம். முதல் பயணத்தின்போது மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9 வயது. அந்த முறை நல்லெண்ணத்தோடு பல தவறுகளைச் செய்தோம். மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி சென்றபோது அவற்றில் சிலவற்றையாவது திருத்திக்கொண்டோம். அதன்பிறகு, இதே போன்ற பயணத்துக்குத் திட்டமிடும் குடும்பங்கள் எங்களிடம் கேட்ட கேள்விகளையும் நாங்கள் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொண்டு செய்யக் கம்போடியாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன?

1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் 17 முதல் 20 இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கட்டாய உழைப்பாலும் கொலையாலும் மாண்டார்கள். மருத்துவர்கள், ஆசிரியர்கள், படித்தவர்கள் எனத் தேடித்தேடி அழித்ததால், ஆட்சி வீழ்ந்தபோது ஒரு நாட்டை மறுபடி எழுப்பத் தேவையான மனிதர்களே அங்கு மிகக் குறைவாக எஞ்சியிருந்தார்கள். அதற்குப் பிறகும் உள்நாட்டுப் போர் 1990களின் இறுதிவரை ஓயவில்லை. அந்த ஆண்டுகளில் புதைத்த கண்ணிவெடிகளும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளுமாகச் சேர்ந்து, 1979 முதல் இன்றுவரை ஏறத்தாழ 20,000 பேரின் உயிரைப் பறித்து, 45,000 பேரைக் காயப்படுத்தியிருக்கின்றன. உதவி தேவைப்படும் நாடுகள் உலகில் பல இருந்தாலும், சியெம் ரீப் என்ற ஒரே ஊரில் தங்கி, காலையில் அங்கோர் கோயில்களையும் மாலையில் மருத்துவமனை, தொழிற்பயிற்சிக்கூடம், கண்ணிவெடி அகற்றும் அமைப்பின் மையம் ஆகியவற்றையும் பிள்ளைகளை அலைக்கழிக்காமல் பார்க்க முடிகிறது என்பதே எங்களுக்கு முதன்மையான காரணமாக இருந்தது.

இரண்டே வாரங்களில் ஒரு குடும்பத்தால் உண்மையில் என்ன தொண்டு செய்ய முடியும்?

மனம் வருந்தினாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: உடலுழைப்பாக நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. கெமர் மொழி தெரியாமல், கொத்து வேலையோ மருத்துவமோ பழகாமல், வெயிலுக்கும் ஈரத்துக்கும் இன்னும் உடம்பு இசையாத நிலையில் வந்திறங்கும் நான்கு பேருக்கு ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்து, மேற்பார்வை பார்த்து, பிறகு அவர்கள் கோணலாகக் கட்டியதைப் பிரித்து நேராகக் கட்டும் சுமை அங்குள்ளவர்கள் மீதே விழுகிறது. ஒரு பள்ளியின் சுற்றுச்சுவருக்கு நாங்கள் வண்ணம் பூசினோம். நாங்கள் பூசி முடித்த பகுதியின் விளிம்புகளை, நாங்கள் கிளம்பும் முன்பே ஓர் உள்ளூர்ப் பெயின்டர் அமைதியாகத் திருத்திக்கொண்டிருந்ததை என் மகன் கவனித்துச் சொன்னான். அந்தச் சுவர் முழுவதற்கும் அவருக்கே கூலி கொடுத்திருந்தால் அவர் வீட்டில் அந்த வாரம் அடுப்பெரிந்திருக்கும்.

ஆகவே "என்ன செய்யலாம்" என்பதைவிட, "நம்மிடம் இருப்பதில் அவர்களுக்கு உண்மையாகவே தேவைப்படுவது எது" என்று கேட்டுக்கொள்வதே பயன் தரும். பெரியவர்களின் இரத்தம், நாம் எப்படியும் செலவழிக்கப்போகும் பணம், யாருக்கேனும் தொழில்திறன் இருந்தால் அந்தத் திறன் ஆகியவையே அந்தக் கேள்விக்கு நாங்கள் கண்ட பதில்கள். கணக்கர், பல் மருத்துவர், இயன்முறை மருத்துவர் போன்றவர்கள்கூட நேரடியாகச் சிகிச்சை அளிப்பதைவிட, அங்குள்ள பணியாளர்கள் கேட்டுக்கொண்டால் அவர்களுக்குப் பயிற்சி அளிப்பதே நிலைத்து நிற்கும்.

அனாதை இல்லத்துக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளோடு ஒரு நாள் கழிக்கலாமா?

வேண்டாம். எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டுமாவது படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2005க்கும் 2010க்கும் இடையில் கம்போடியாவில் அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்த ஆண்டுகளில் போர் இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகள் திடீரெனப் பெருகவும் இல்லை. பெருகியவர்கள் சுற்றுலாப் பயணிகள்தாம். யுனிசெப் துணையோடு அரசு ஆராய்ந்தபோது, அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. 2015இல் நடந்த கணக்கெடுப்பில் இத்தகைய 406 நிறுவனங்களும் அவற்றில் 16,579 பிள்ளைகளும் இருந்தார்கள். கிராமத்தில் வறுமையில் இருக்கும் பெற்றோரிடம் "உன் பிள்ளைக்குப் படிப்பும் சோறும் நாங்கள் தருகிறோம்" என்று சொல்லி அழைத்து வருகிறார்கள். பிள்ளை நகரத்துக்கு வந்ததும், பார்வையாளர்களின் மனம் இளகும்படி நடந்துகொள்ள அதைப் பழக்குகிறார்கள். எல்லா இல்லமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகும் நம்மால் எது எப்படிப்பட்டது என்று பிரித்தறிய முடியாது. நாம் கொடுக்கும் நன்கொடையே அடுத்த பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வரும் கூலியாகவும் ஆகிவிடக்கூடும்.

நன்றாக நடத்தப்படும் இல்லங்களிலும் மற்றொரு தீங்கு உண்டு. வாரந்தோறும் புதிய முகங்கள் வந்து கட்டிப்பிடித்து, விளையாடி, படம் எடுத்துக்கொண்டு, மறுவாரம் காணாமல் போவதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு, ஒட்டி உறவாடியவர்கள் எல்லாரும் விட்டுப் போவார்கள் என்பதே வாழ்க்கைப்பாடமாகிவிடுகிறது. முன்பின் தெரியாதவரைக் கண்டதும் ஒரு குழந்தை ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டால் அதை நாம் அன்பு என்று எண்ணி நெகிழ்கிறோம். குழந்தை நலம் அறிந்தவர்கள் அதையே கவலைக்குரிய அறிகுறியாகப் பார்க்கிறார்கள். நம் பிள்ளையின் வகுப்பறைக்குள் பின்னணி தெரியாத வெளிநாட்டவர் நுழைந்து, பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுக்க நாம் விடமாட்டோம் அல்லவா?

ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டத்தை இயற்றியபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவது பற்றியும் அங்கே விரிவாகப் பேசப்பட்டது. 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமும், அனாதை இல்லங்களை மையமாகக் கொண்ட தன்னார்வச் சுற்றுலாவால் வரும் தீங்கைச் சுட்டிக்காட்டியது. கம்போடியாவிலேயே பிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, "குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல" என்ற பரப்புரையை 2011 முதல் நடத்திவருகிறது. அவர்களுடைய சைல்ட்சேஃப் இயக்கத்தின் அடையாளம் ஒட்டிய துக்துக்குகளையும் விடுதிகளையும் நீங்கள் ஊரில் காணலாம்.

பள்ளியில் ஒரு வாரம் ஆங்கிலம் கற்பிக்கலாமா?

ஆசிரியராக முறையாகப் பயின்றவர் என்றால், உள்ளூர் ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் தயாரிக்கலாம். மற்றவர்கள் வகுப்பை எடுத்துக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். வாரம் ஒரு தன்னார்வலர் வந்து நிறங்களின் பெயர்களையும் விலங்குகளின் பெயர்களையுமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதால் பிள்ளைகளின் ஓராண்டுப் படிப்பு அதே இடத்தில் நின்றுவிடுகிறது. சம்பளம் கொடுத்து ஓர் ஆசிரியரை அமர்த்தும் எண்ணமும் பள்ளிக்கு வராமல் போய்விடுகிறது.

அப்படியானால் சியெம் ரீப்பில் செய்யத்தக்கது என்ன?

இரத்த தானத்தை முதலில் சொல்வேன். பியட் ரிக்னர் என்ற சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் 1974இல் புனோம் பென் நகரின் காந்தா போபா மருத்துவமனையில் பணியாற்ற வந்தார். கெமர் ரூஜ் தலைநகரைக் கைப்பற்றும் தறுவாயில் நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பிறகு திரும்பி வந்து, சிதைந்து கிடந்த அதே மருத்துவமனையை 1992இல் மறுபடி திறந்தார். 1999இல் சியெம் ரீப்பில் அவர் திறந்த மருத்துவமனைக்கு ஏழாம் ஜெயவர்மனின் பெயரைச் சூட்டினார். அந்த அரசன் தன் நாட்டில் 102 மருத்துவமனைகளை நடத்தியதாகத் தா புரோம் கோயிலின் கல்வெட்டு சொல்கிறது. கோயிலைப் பார்த்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு மருத்துவமனை வாயிலுக்கு அழைத்துச் சென்றால் 800 ஆண்டு இடைவெளி சட்டென்று சுருங்கிவிடுகிறது. ரிக்னர் 2018இல் காலமானார். அங்கே குழந்தைகளுக்குச் சிகிச்சை இலவசம். டெங்கு பரவும் மழைக்காலத்தில் இரத்தத்தின் தேவை கூடுவதால், பயணிகளிடமும் இரத்தம் கேட்கிறார்கள்.

நான் கொடுத்த அன்று நடந்தது இவ்வளவுதான். ஒரு செவிலியர் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தார், எடை பார்த்தார், படிவத்தில் சில கேள்விகள் கேட்டார், பிறகு சாய்வு நாற்காலியில் அமர்த்தினார். மகன் என் முழங்கையருகே நின்று, பை நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வராந்தாவில் பாய் விரித்து, மடியில் பிள்ளைகளோடு தாய்மார்கள் அமர்ந்திருந்தார்கள். "இது அவங்கள்ல யாருக்கும்மா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அந்த "தெரியாது" அவனுக்குப் பிடித்திருந்தது என்று பிறகு சொன்னான். நாங்கள் அங்கே படம் எதுவும் எடுக்கவில்லை. ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் கென்ரோ இசு முன்னின்று நிறுவி, 1999இல் திறக்கப்பட்ட அங்கோர் குழந்தைகள் மருத்துவமனையும் இதே ஊரில்தான் இருக்கிறது; அங்கும் இரத்தம் பெறுகிறார்கள்.

இரண்டாவதாக, அப்போபோ என்ற அமைப்பின் பார்வையாளர் மையம். ஆப்பிரிக்கப் பெருச்சாளி இனம் ஒன்றுக்கு வெடிமருந்தின் வாசனையை மோப்பம் பிடிக்கப் பழக்கி, கண்ணிவெடி தேட விடுகிறார்கள். அதன் எடை குறைவு என்பதால் அது மேலே நடந்தாலும் வெடி வெடிப்பதில்லை. இரும்புத் துண்டு எதுவாக இருந்தாலும் ஒலிக்கும் உலோகங்காட்டியைக் கொண்டு நாட்கணக்கில் தேட வேண்டிய ஒரு டென்னிஸ் மைதான அளவு நிலத்தை இது அரை மணி நேரத்தில் மோந்து முடித்துவிடுகிறது. மகாவா என்ற பெருச்சாளி 100க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிபொருள்களையும் கண்டுபிடித்து, 2020இல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பு ஒன்றின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது; 2022இல் இறந்தது. ஒவ்வொரு முறை சரியாகக் கண்டுபிடித்ததும் ஒரு சிறிய சொடுக்கொலி, உடனே வாழைப்பழத் துண்டு. பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் அந்த ஊரில் கிடையாது. நுழைவுக் கட்டணம் பணிக்கே போகிறது.

மூன்றாவது, எப்படியும் செலவிடப்போகும் பணத்தை எங்கே செலவிடுகிறோம் என்பது. தாய்லாந்து எல்லையில் இருந்த அகதி முகாமில் ஓவியம் பயின்று, நாடு திரும்பிய ஒன்பது இளைஞர்கள் 1994இல் பட்டாம்பாங் நகரில் தொடங்கிய கலைப்பள்ளி ஃபாரே பொன்லூ செல்பாக். அதன் மாணவர்கள் 2013 முதல் சியெம் ரீப்பில் சர்க்கஸ் நடத்துகிறார்கள். டிக்கெட் பணத்தில் பள்ளி நடக்கிறது. ஏழைக் குடும்பத்து இளைஞர்களுக்கு விடுதித் தொழிலை இலவசமாகக் கற்பிக்கும் சாலா பாய் பள்ளியும், கல்லிலும் மரத்திலும் பட்டிலும் வேலை செய்பவர்களைக் கொண்டு நடக்கும் ஆர்டிசான் அங்கோர் பட்டறைகளும் இதே வகை. இவற்றைத் தொண்டு என்று சொல்ல மனம் கூசும் அளவுக்கு எளிதாக இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நமக்குக் கடினமாக இருந்ததா என்பதற்கும் அவர்களுக்குப் பயன்பட்டதா என்பதற்கும் தொடர்பில்லை என்பதை நானும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஓர் அமைப்பு நம்பத்தகுந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

கிளம்புவதற்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். பிள்ளைகளோடு பழகும் வேலை என்றால், உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்கிறார்களா என்று முதலில் கவனியுங்கள். கேட்காத அமைப்பை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். நாம் செய்யப்போகும் வேலையை நாம் வராவிட்டால் யார் செய்வார்கள், அவருக்குக் கூலி உண்டா, நாம் கட்டும் தொகையில் எவ்வளவு அங்கே போய்ச் சேர்கிறது, பொறுப்பில் இருப்பவர்களில் கம்போடியர் எத்தனை பேர் ஆகியவற்றையும் கேட்க வேண்டும். நல்ல அமைப்புகள் இத்தகைய கேள்விகளுக்கு மகிழ்ந்து பதில் எழுதுகின்றன. சில வேளைகளில் "நீங்கள் வர வேண்டாம், இந்தத் தொகையை அனுப்பினால் போதும்" என்றே பதில் வரும். எங்களுக்கு அப்படி ஒரு பதில் வந்தபோது முகம் சுருங்கினாலும், எங்களுக்குக் கிடைத்த பதில்களிலேயே நேர்மையானது அதுதான்.

எந்த விசா எடுக்க வேண்டும்?

கம்போடியாவில் டி (T) வகை சுற்றுலா விசா 30 நாள்களுக்கானது. சுற்றிப் பார்ப்பதற்கும் இரத்தம் கொடுப்பதற்கும் பயிற்சிக்கூடங்களைப் பார்வையிடுவதற்கும் அது போதும். ஓர் அமைப்பில் முறையாகத் தன்னார்வப் பணி செய்வதானால் ஈ (E) வகை விசாவும் வேலை அனுமதியும் தேவைப்படலாம் என்பதால், அழைக்கும் அமைப்பிடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனியே விசா வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் 6 மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். விமானத்தில் வருபவர்கள் வந்திறங்குவதற்கு முந்தைய 7 நாள்களுக்குள் இணையவழி வருகைப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, கட்டணம் கேட்கும் இணையதளங்கள் போலியானவை.

தெருவில் பிள்ளைகள் கை நீட்டினால் என்ன செய்வது?

கொடுக்காதீர்கள், அவர்களிடம் எதையும் வாங்கவும் செய்யாதீர்கள். கோயில் வாசலில் அஞ்சலட்டையும் வளையலும் விற்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் நாம் வாங்கும்வரை, பள்ளிக்குப் போவதைவிட விற்பதே குடும்பத்துக்கு இலாபம். இப்படிச் சொல்வது எளிது, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பது எளிதல்ல என்பதை அறிவேன். என் மகள் அழுதாள். அதே பொருளைப் பெரியவர்கள் விற்கும் கடையில் வாங்கினோம்.

கைக்குழந்தையோடு வரும் பெண் காசு வேண்டாம், குழந்தைக்குப் பால் மாவு மட்டும் வாங்கித்தாருங்கள் என்று ஒரு குறிப்பிட்ட கடைக்கு அழைத்துச் செல்வதுண்டு. நாம் நகர்ந்ததும் டப்பா கடைக்கே திரும்பி, பணம் பங்கிடப்படும்.

தோன்லே சாப் ஏரியில் நாங்களே ஏமாந்தோம். மிதக்கும் கிராமத்தைப் பார்க்கப் படகில் சென்றபோது, வழிகாட்டி ஒரு மிதக்கும் கடையில் படகை நிறுத்தி, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசி இல்லை என்றார். 60 டாலர் கொடுத்து ஒரு மூட்டை வாங்கினோம். பள்ளி என்று சொல்லப்பட்ட படகு வீட்டில், வாய் தைத்த மூட்டையின் ஒரு காதை ஒரு சிறுமியும் மறு காதை நானுமாகப் பிடித்துக்கொள்ள, வழிகாட்டி படம் எடுத்தார். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சிறுமி மூட்டையை விட்டுவிட்டு, அடுத்த படகு வரும் திசையைப் பார்த்து நின்றாள். "அம்மா, அந்தப் பொண்ணு நம்மளப் பார்க்கவே இல்லையே" என்றாள் மகள். மறுநாள் ஊர்ச் சந்தையில் அதே அளவு மூட்டையின் விலையைக் கேட்டோம். நாங்கள் கொடுத்ததில் பாதிதான். அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காக.

பழைய துணி, பேனா, மருந்து கொண்டுபோகலாமா?

மருந்து கூடவே கூடாது. பெயர் தெரியாத அட்டைகளைத் தரம் பிரிப்பதே அவர்களுக்குப் பெருஞ்சுமை. துணியும் பேனாவும் அங்கேயே மலிவாகக் கிடைக்கின்றன. ஓர் அமைப்பு பட்டியல் கொடுத்துக் கேட்டால், அதையும் அங்குள்ள கடைகளிலேயே வாங்கிக் கொடுங்கள். பேருந்தின் சன்னலிலிருந்து மிட்டாய் வீசுவதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள்.

அங்கோரைப் பார்க்க எத்தனை நாள் வேண்டும்? கட்டணம் எவ்வளவு?

பிள்ளைகளோடு என்றால் 3 நாள் சீட்டு. ஒரு நாள் சீட்டு 37 டாலர், 3 நாள் சீட்டு 62 டாலர், 7 நாள் சீட்டு 72 டாலர். 3 நாள் சீட்டை 10 நாள்களுக்குள் விரும்பிய மூன்று நாள்களில் பயன்படுத்தலாம் என்பதால், ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஓய்வும் மற்றப் பணிகளும் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள முடிகிறது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் காந்தா போபா மருத்துவமனைகளுக்குச் செல்கிறது என்பதைப் பலர் அறியாமலேயே சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பியது. சூரிய உதயம் பார்க்கும் கூட்டம் கலைந்ததும் எல்லாரும் காலை உணவுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் கிழக்குப் பக்கச் சுற்றுக்கு நேரே செல்லுங்கள். தேவரும் அசுரரும் வாசுகியைப் பிடித்து இழுக்கப் பாற்கடல் கடையப்படும் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குச் சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. மந்தர மலையை நெருங்க நெருங்க, கடலில் நீந்தும் மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாக அறுபட்டிருப்பதைச் சிற்பி காட்டியிருக்கிறான். எங்கள் மகன் அறுபட்ட மீன்களை எண்ணிக்கொண்டே வந்து, கணக்குத் தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். அங்கே மட்டும் ஒரு மணி நேரம் நின்றோம். வேர்கள் சுவரைக் கவ்விய தா புரோம், செந்நிறக் கல்லில் நகைவேலைபோல் செதுக்கிய பந்தியாய் சிரே ஆகிய இரண்டையும் தவற விடாதீர்கள். யானைச் சவாரியை 2020 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள்; யாராவது அழைத்தால் போக வேண்டாம்.

துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

புனோம் பென்னில் உயர்நிலைப் பள்ளியாக இருந்த கட்டடத்தைக் கெமர் ரூஜ் சித்திரவதைச் சிறையாக மாற்றியது; அதுவே இன்று துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம். அங்கிருந்து கைதிகளைக் கொண்டுபோய்க் கொன்ற செவுங் எக் களத்தோடு சேர்த்து 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கைதிகளின் முகப்படங்கள் அறை அறையாக மாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் சிறுவர்களும் உண்டு. 14 வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாவது பயணத்தில் மகளை மட்டும் நான் அழைத்துச் சென்றேன், மகன் தந்தையோடு ஆற்றங்கரையில் இருந்தான். முந்தைய நாளே அந்த ஆட்சி பற்றி அவளிடம் பேசியிருந்தேன், பார்த்த மறுநாளும் வேறெந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்டில் யாருக்கு உதவி செய்யப் போகிறோம் என்று நினைத்தாலும், வயதானவர் ஒவ்வொருவரும் அந்த ஆண்டுகளைக் கடந்து வந்தவர் என்பது அதன்பின்தான் அவளுக்கு உறைத்தது.

உடல்நலத்துக்கு என்ன முன்னேற்பாடு வேண்டும்?

புறப்படுவதற்கு 6 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள்காமாலை ஏ, டைபாய்டு தடுப்பூசிகளைப் பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது என்பதால், கொசுவிரட்டி களிம்பைக் காலையிலேயே பூசிவிட வேண்டும். பெற்றோர் அதிகம் யோசிக்காத ஆபத்து வெறிநாய்க்கடி நோய். அங்கோர் கோயில்களின் குரங்குகள் மனிதரிடம் பழகிப்போய், கையிலிருப்பதைப் பறிக்கும், தெருநாய்களும் உண்டு. கடித்தாலோ கீறினாலோ உடனே வந்து சொல்ல வேண்டும், யாரும் திட்டமாட்டோம் என்று பிள்ளைகளுக்கு முன்பே உறுதி கொடுத்து வையுங்கள். காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். புனோம் பென்னில் உள்ள பாஸ்டர் நிறுவனம் நெடுங்காலமாக இந்தச் சிகிச்சையை அளித்து வருகிறது.

கண்ணிவெடியும் எல்லைச் சண்டையும் இருக்கும் நாட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது பாதுகாப்பானதா?

சியெம் ரீப் ஊரும் பயணிகள் செல்லும் அங்கோர் கோயில்களும் வெடி அகற்றப்பட்ட இடங்கள். தொலைவான ஊர்ப்புறங்களில் தேய்ந்த தடத்தை விட்டு விலகி நடக்கக் கூடாது; மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகையின் பொருளைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். தாய்லாந்து எல்லையில் 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் மோதல் மூண்டு, இருபுறமும் இலட்சக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே பிரியா விகார் போன்ற எல்லையோரக் கோயில்களைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், தரைவழியாக எல்லையைக் கடக்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள், உங்கள் அரசின் பயண அறிவுரையைப் புறப்படும் வாரத்தில் மறுபடி பாருங்கள்.

பணம் எப்படி எடுத்துச் செல்வது?

அமெரிக்க டாலர், கம்போடிய நாணயமான ரியெல் இரண்டுமே செல்லும்; ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியெல். ஓரம் கிழிந்த டாலர் தாளை யாரும் வாங்கமாட்டார்கள்.

எந்த மாதங்கள் ஏற்றவை?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். ஏப்ரல் நடுவில் கெமர்ப் புத்தாண்டின்போது பல அமைப்புகள் மூடியிருக்கும்.

திரும்பி வந்த பிறகு தொடர்ந்து உதவுவது எப்படி?

ஒரே ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு சிறு தொகையை நின்றுவிடாமல் அனுப்புங்கள். எப்போதோ ஒருமுறை வரும் பெருந்தொகையைவிட, வரும் என்று நம்பி ஒரு செவிலியருக்கோ ஆசிரியருக்கோ சம்பளம் ஒதுக்கக்கூடிய சிறுதொகையே அவர்களுக்கு உதவுகிறது என்று நாங்கள் பேசிய இரு அமைப்புகளுமே சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தொகையின் ஒரு பங்கைப் பிள்ளைகள் தங்கள் கைச்செலவுப் பணத்திலிருந்து கொடுக்கிறார்கள். அமைப்பு ஆண்டுதோறும் அனுப்பும் கணக்கறிக்கையை மகள் வரி வரியாகப் படித்து, புரியாத செலவு எதுவும் இருந்தால் அவளே கடிதம் எழுதிக் கேட்கிறாள். சென்ற ஆண்டு இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாள். இரண்டுக்கும் பதில் வந்தது.